பழையகோட்டை பட்டக்காரரும் அவர் மாடு மேய்ந்த புல்லும்

மலையிலிருந்து இறங்கி, பழனி, தாராபுரம் தாண்டிக் காங்கேயம் பக்கம் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், முள்கிளுவை வேலி சூழ, இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும் மேய்ச்சல் நிலங்களைப் பார்த்திருப்பீர்கள். கொரங்காடு என்று பெயர். காங்கேயம் மாடு வளர்ந்தது இங்கேதான். அந்த இனத்தை மேம்படுத்தியவர் என்று முதலில் சொல்லப்படுபவர், ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் வாழ்ந்த பழையகோட்டை பட்டக்காரர் ராவ் பகதூர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார்.

உழவு, கவலை இறைப்பு, பாரவண்டி எல்லாம் காளைகளை நம்பியிருந்த காலம் அது. காங்கேயம் பசு அதிகம் பால் தராது. நல்ல காளைக்கன்றுதான் காசு. பட்டக்காரர் பெரிய மந்தை வைத்து, பொலிகாளைகளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அவருடைய மந்தையின் பெயர் தமிழ்நாட்டுக்கு வெளியிலும் பரவியது.

நாம் கவனிக்க வேண்டியது மாட்டுக்கு அடியில் இருந்த புல்லை. ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழைதான் பெய்யும் ஊர். அங்கே கொரங்காட்டைத் துண்டு துண்டாக வேலியடைத்து வைத்தார்கள். ஒன்றில் மாடு மேயும்போது மற்றொன்று ஓய்வெடுக்கும். மழை பெய்தவுடன் மாட்டை விடாமல், கொழுக்கட்டைப் புல் தழைத்து விதை உதிரக் காத்திருப்பார்கள். சாணம் மண்ணுக்கே திரும்பும். வெள்வேலங்காய் கோடையில் ஆட்டுக்குத் தீனி. புல்லை வழித்தெடுத்தால் அடுத்த ஆண்டு கன்று தேறாது. இந்தக் கணக்கே புல்லைக் காத்தது.

பம்புசெட்டும் டிராக்டரும் வந்தபின் காளைக்கு மதிப்புக் குறைந்தது, கொரங்காடுகளும் குறைந்தன. மாட்டால் வருமானம் இல்லையென்றால் மேய்ச்சல் நிலத்தை யாரும் விட்டுவைப்பதில்லை.

நம் கதையும் தூரமில்லை. கடந்த சில பத்தாண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் பாதிக்கும் மேல் சீகை, பைன், யூகலிப்டஸ் மரங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது. சோலையும் புல்வெளியும் சேர்ந்து பிடித்துவைக்கும் நீரைத்தான் நம் ஓடைகளிலும் ஏரியிலும் பார்க்கிறீர்கள்.

காங்கேயத்துப் புல்லும் வேலியும் இந்தக் குளிருக்கு ஒத்துவராது. ஆனால் படலைச் சாத்தும் பழக்கம் ஒத்துவரும். உங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியையாவது, புல் விதை உதிரும்வரை மூடிவைக்க முடியுமா? அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது யோசித்து வாருங்கள்.