ஒரு கண் பார்வையோடு தொடர்ந்து 69 வெற்றி: யார் இந்த ஃபுதாபயாமா?

ஜப்பானின் சுமோ மல்யுத்தத்தில் 85 ஆண்டுகளுக்கு மேலாக யாரும் எட்டாத ஒரு எண் இருக்கிறது: 69. ஒரு தோல்விகூட இல்லாமல் ஒரே வீரர் அடுத்தடுத்து ஜெயித்த போட்டிகளின் எண்ணிக்கை அது. அந்த வீரர் ஃபுதாபயாமா சதாஜி. அவருக்கு வலது கண்ணில் பார்வை கிடையாது என்பது அப்போது ரசிகர்களுக்குத் தெரியாது.

கப்பலில் இருந்து களத்துக்கு

1912 பிப்ரவரி 9 அன்று ஜப்பானின் ஓய்தா மாகாணத்தில் பிறந்தார். இயற்பெயர் அகியோஷி சதாஜி. சின்ன வயதிலேயே கண்ணில் அடிபட்டு வலது கண் பார்வை போனது. அப்பாவின் கப்பல் தொழில் நொடித்துப் போக, பையனும் கப்பல் வேலைக்குப் போனான். அங்கே நடந்த விபத்தில் வலது கை சுண்டுவிரலிலும் காயம். மல்லருக்கு எதிராளியின் இடுப்புக் கச்சையைப் பிடிக்க விரல் வேண்டும், அவன் பாய்ந்து வருவதைப் பார்க்கக் கண் வேண்டும். இரண்டிலும் குறையோடுதான் 1927இல், 15 வயதில், தத்சுனாமி பயிற்சிக் கூடத்து வீரராகக் களம் இறங்கினார்.

ஃபுதாபா என்றால் முளைவிடும் செடியின் முதல் இரண்டு இலைகள். நம்ம ஊரில் விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோமே, அதே மாதிரி ஜப்பானியப் பழமொழியில் வரும் சொல் இது. ஆனா முளையில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. உடல் எடை குறைவு. களத்தின் விளிம்பு வரை தள்ளப்பட்டு, கடைசி நொடியில் எதிராளியைத் திருப்பி வீசித் தப்பிக்கிறவர் என்றே பெயர் வாங்கினார்.

கை கொடுத்த வேலைநிறுத்தம்

1932 ஜனவரியில் சம்பளம், நிர்வாகச் சீர்திருத்தம் கேட்டு ஏராளமான வீரர்கள் சங்கத்தை விட்டு வெளியேறினார்கள. ஃபுதாபயாமா போகவில்லை. காலியான இடங்களை நிரப்பியபோது, இரண்டாம் நிலையில் இருந்த அவர் முதல் நிலைக்கு உயர்த்தப்பட்டார். முதலில் தடுமாறினாலும், எடை கூடக் கூட ஆட்டம் மாறியது. தானாக முந்திப் பாயமாட்டார். எதிராளி எப்போது வந்தாலும் சரி என்று காத்திருந்து, தாக்குதலை வாங்கிக்கொண்டு, பிடி கிடைத்ததும் வீசுவார்.

மூன்று வருஷம் தோல்வியே இல்லை

1936 ஜனவரி தொடரின் ஏழாம் நாளில் வெற்றிகள் தொடங்கின. அப்போது வருஷத்துக்கு இரண்டே பெரிய தொடர்கள். அடுத்து வந்த ஐந்து தொடர்களிலும் ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வென்றார். 1937இல் சுமோவின் உச்சப் பட்டமான யோகோசுனா கிடைத்தது. அந்த வரிசையில் அவர் 35ஆவது. கூட்டம் அலைமோதியதால் 11 நாள் தொடர் 13 நாளாகவும், 1939 மே மாதம் 15 நாளாகவும் நீண்டது. இன்றும் அதே 15 நாள்தான். சீனாவோடு போர் தொடங்கியிருந்த நேரம் என்பதால், அவருடைய வெற்றிகளை நாட்டின் வெற்றியாகவே பலரும் கொண்டாடினார்கள்.

1938இல் மஞ்சூரியா, சீனா பயணத்தில் அமீபா வயிற்றுக்கடுப்பு வந்து உடல் இளைத்தது. 1939 ஜனவரி 15 அன்று, அவரை வீழ்த்தத் திட்டமிட்டுப் பயிற்சி எடுத்த தேவனோமி கூடத்தின் இளம் வீரர் அகினோமி, வெளிப்பக்கமாகக் காலை மாட்டிச் சாய்த்தார். அரங்கமே ஆடிப்போனது. அடுத்த இரண்டு நாளும் ஃபுதாபயாமா தோத்தார்.

சீனாவில் ஒரு பழைய கதை உண்டு. மரத்தால் செய்தது போல அசையாமல் நிற்கும் அளவுக்குச் சண்டைச் சேவலைப் பழக்குவார்கள். அதைக் கண்டாலே மற்ற சேவல்கள் ஓடிவிடும். தான் இன்னும் அந்த மரச்சேவல் ஆகவில்லை என்று தோற்ற பிறகு தந்தி அனுப்பினார் ஃபுதாபயாமா. அடுத்த தொடரில் 15க்கு 15 ஜெயிச்சார். 1945 நவம்பரில் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 12 பட்டங்கள்.

சறுக்கலும் சீர்திருத்தமும்

தோல்வியடைந்த போருக்குப் பின் ஒரு புதிய மதக் குழுவில் சேர்ந்தார். 1947 ஜனவரியில் கனசாவா நகரில் அந்தக் குழுவின் இடத்துக்குள் போலீஸ் நுழைந்தபோது எதிர்த்து நின்று கைதானார். பெயர் கெட்டுப்போனது. சீக்கிரமே விடுதலையாகி, குழுவை விட்டு விலகி, தன் பயிற்சிக் கூடத்துக்குத் திரும்பினார்.

சுமோ சங்கத்தின் நிர்வாகம் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்த 1957இல் அதன் தலைவரானார். வீரர்களுக்கு மாதச் சம்பளம் அப்போதுதான் வந்தது. 1932இல் வெளியேறியவர்கள் கேட்டதில் முக்கியமான ஒன்று, அந்தப் போராட்டத்தில் சேராத ஒருவரின் காலத்தில் நிறைவேறியது. நிர்வாகிகளுக்கு 65 வயதில் ஓய்வு என்ற விதியும் இவர் காலத்தில் வந்ததுதான்.

பதவியில் இருக்கும்போதே 1968 டிசம்பர் 16 அன்று, 56 வயதில் இறந்தார். 2010இல் ஹகுஹோ என்ற யோகோசுனா அவர் சாதனையை நெருங்கினார். 63 வெற்றிகளோடு அந்தப் பயணம் நின்றுபோனது. 69 அப்படியே இருக்கிறது.