கிட்டப்பாவின் குரலும் இரு ஒலிபெருக்கிகளும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு அருகில் உள்ள நண்பர் ஒருவரின் வீட்டில் அண்மையில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன். அவருடைய கூடத்தில் இரு வகை ஒலிபெருக்கிகள் இருந்தன. ஒன்று, தரையில் நிற்கும் வழக்கமான மரப்பெட்டி. மற்றொன்று, தடுப்புத் திரை போன்ற நிலைமின் ஒலிபெருக்கி. வீட்டில் இசை கேட்க எது சிறந்தது என்ற விவாதத்தைத் தீர்க்க எஸ்.ஜி. கிட்டப்பாவை அழைத்தோம்.

அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில் 1906-இல் பிறந்தவர் கிட்டப்பா. சிறுவயதிலேயே நாடக மேடை ஏறினார். இலங்கையில் தம்முடன் இணைந்து நடித்த கே.பி. சுந்தராம்பாளை 1927-இல் மணந்தார். ஒலிவாங்கி இல்லாத அந்த மேடைகளில், கடைசி வரிசையை எட்டுவதற்குக் குரல் ஒன்றே அவருக்குத் துணை. 1931-இல் தமிழ் பேசும்படம் பிறந்தும் அவர் திரையில் தோன்றவில்லை. 1933 டிசம்பர் 2-இல், 27 வயதில் மறைந்தார். இன்று எஞ்சியிருப்பவை அவருடைய இசைத்தட்டுகளே.

காந்தப் புலத்தில் அசையும் கம்பிச்சுருள், காகிதக் கூம்பை அதிரவைத்து ஒலி எழுப்பும் முறையை ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர்கள் 1925-இல் வெளியிட்டனர். மரப்பெட்டி ஒலிபெருக்கிகள் இன்றும் அவ்வழியே இயங்குகின்றன. நிலைமின் வகையிலோ, மயிரிழையினும் மெல்லிய பிளாஸ்டிக் படலம், துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவே உயர் மின்னழுத்தத்தில் அதிர்கிறது. ஒலி முழுவதையும் இம்முறையில் தரும் கருவியை இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர் 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

முதலில் மரப்பெட்டியில் கேட்டோம். குரல் கனமாக ஒலித்தது. பெட்டியின் அதிர்வும் அதனுடன் சற்றே கலந்திருந்தது. நிலைமின் கருவியில் தட்டின் கரகரப்பு விலகி நிற்க, உச்ச ஸ்தாயியில் உதிரும் பிருகாக்கள் ஒவ்வொன்றும் தனித்துக் கேட்டன. இதன் குறை, அடித்தள ஒலியில் வலுவின்மை. அக்காலத் தட்டுகளில் ஆழ்ந்த ஒலி பதிவாகவே இல்லை என்பதால், கிட்டப்பாவுக்கு அது இழப்பன்று.

அடுத்துத் தவில் கச்சேரி ஒன்றை ஒலிக்கவிட்டபோது தீர்ப்பு மாறியது. தொப்பியின் முழக்கத்தை மரப்பெட்டியே முழுமையாகத் தந்தது. நிலைமின் கருவி பின்புறமும் ஒலிப்பதால், அதைச் சுவரைவிட்டுத் தள்ளி வைக்கவும் வேண்டும். குறுகிய கூடங்களுக்கு அது ஒவ்வாது. கேட்கும் இசையும் வாழும் வீடும் தீர்மானிக்க வேண்டிய விஷயம் இது.

ஆனால், பதிவில் இல்லாததை எந்த ஒலிபெருக்கியாலும் தர இயலாது. கருவிகளுக்கு லட்சங்களைச் செலவிடும் நாம், பரண்களில் கீறலுற்றும் உடைந்தும் அழியும் அரக்குத் தட்டுகளைக் காக்க என்ன செய்கிறோம்? இரைச்சலை நீக்குவதாகச் சொல்லிக் குரலின் உயிரையும் சேர்த்து அரித்துவிடும் பிரதிகளே பெரிதும் புழங்குகின்றன. மூலத் தட்டுகளைத் தேடிச் சேர்த்து, பழுதின்றிப் படியெடுத்து, பொது நூலகங்களில் வைப்பதே முதல் தேவை. கிட்டப்பாவின் குரலுக்கு வேறு உடல் இல்லை.