தயக்கம் தீர்த்த திருக்கச்சி நம்பிகள்

அத்திகிரியின் 24 படிகளையும் ஏறிப் பேரருளாளன் திருமுன்பு நிற்கும் அடியார்களுள் பலர், கேட்க எண்ணி வந்ததைக் கேட்க நாவெழாமல் நிற்பதுண்டு. ஸ்ரீராமாநுஜரும் ஒரு காலத்தில் இதே சந்நிதியில் அவ்வாறு தயங்கியவரே. அத்தயக்கத்தைத் தீர்த்து வைத்த மகான் திருக்கச்சி நம்பிகள்.

நம்பிகள் பூவிருந்தவல்லியில் வைசிய குலத்தில், மாசி மாதம் மிருகசீரிட நன்னாளில் அவதரித்தார். ஆண்டு கி.பி. 1009 என்பது மரபு. ஆளவந்தாரின் திருவடி ஸம்பந்தம் பெற்றவர். நந்தவனம் அமைத்து மலர் கொய்து கச்சிக்குக் கொணர்ந்தார். தேவப்பெருமாளுக்குத் திருவாலவட்டம் வீசும் கைங்கரியமே அவருக்கு வாழ்வாயிற்று. அவ்வேளைகளில் பெருமாள் அவருடன் உரையாடுவான் என்று குருபரம்பரை கூறும். வடமொழியில் தேவராஜாஷ்டகம் அருளிச்செய்தவரும் இவரே.

யாதவப்பிரகாசரிடம் பயின்று வந்த ராமாநுஜரைக் காசி யாத்திரையில் மாய்த்துவிடச் சதி நடந்தது. விந்தியக் காட்டில் தப்பிய அவரை, வேடனும் வேட்டுவச்சியுமாக வந்த பெருமாளும் தாயாரும் செவிலிமேட்டை அடுத்த சாலைக்கிணற்றருகே சேர்ப்பித்தனர். உயிர் பிழைத்தும் உள்ளம் தெளியவில்லை. நம்பிகள் அவருக்கு நீண்ட உபதேசம் ஏதும் செய்தாரில்லை. நாள்தோறும் அக்கிணற்றிலிருந்து ஒரு குடம் தீர்த்தம் கொணர்ந்து பெருமாளுக்குச் சமர்ப்பிக்கும்படி பணித்தார். கலங்கிய மனத்துக்குத் தோளில் ஒரு சுமை நல்ல மருந்து என அவர் அறிந்திருந்தார் போலும்!

பின்னர் ஆளவந்தாரை ஸேவிக்கத் திருவரங்கம் சென்ற ராமாநுஜருக்கு, அவருடைய சரமத் திருமேனியையே காண நேர்ந்தது. பெரிய பெருமாளையும் ஸேவியாமல் திரும்பினார். பற்றுவதற்கு ஆசாரியன் இல்லை. வேதாந்தப் பொருளிலோ ஐயங்கள். நம்பிகளையே ஆசாரியராகக் கொள்ள விழைந்தார். நம்பிகள் வருண நெறியைக் காட்டி இசைய மறுத்தார். அவர் அமுது செய்த சேடத்தையேனும் பெறுவோம் என்று விருந்துக்கு அழைத்தார் ராமாநுஜர். அவரைத் தேடி இவர் ஒரு வீதியால் செல்ல, நம்பிகள் வேறொரு வீதியால் வந்து, அமுது செய்து, கைங்கரியத்துக்கு விரைந்துவிட்டார். ராமாநுஜரின் தேவியாரோ எஞ்சியதைப் பிறருக்குக் கொடுத்து, இடத்தைச் சுத்தி செய்து, நீராடி மீண்டும் சமைத்தார். பெருமாளோடு பேசும் ஒருவரைக் குலம் கொண்டு அளந்த அச்செயல் இன்று படிப்பவர் நெஞ்சையும் நோகச் செய்வதே.

அதன்பின் ராமாநுஜர், தம் உள்ளத்தில் சில ஐயங்கள் உண்டென்றும், பெருமாளிடம் விடை பெற்றருள வேண்டும் என்றும் மட்டுமே நம்பிகளிடம் விண்ணப்பித்தார். அவை எவை என்று அவர் சொல்லவில்லை. நம்பிகளும் துருவிக் கேட்கவில்லை. திருவாலவட்டம் வீசுகையில் அதனைப் பெருமாளிடம் விண்ணப்பம் செய்தார். ஆறு விடைகள் கிடைத்தன. தானே பரம்பொருள் என்பதும், ஜீவனும் ஈசுவரனும் வேறு என்பதும், சரணாகதியே வழி என்பதும் முதல் மூன்று. சரணடைந்தவனுக்குச் சரீர முடிவிலேயே மோக்ஷம் என்பது ஐந்தாவது. நான்காவது விடையோ எளியோர் அனைவருக்கும் உரியது. உயிர் பிரியும் வேளையில் நோயாலும் வலியாலும் நினைவு தப்பி, பெருமாளை எண்ண இயலாமற்போனால் என் செய்வது என்று அஞ்சாதார் யார்? அந்த அந்திம நினைவு வேண்டா என்று பெருமாளே அருளிவிட்டான்.

ஆறாவது விடை, பெரிய நம்பியை ஆசாரியராகப் பற்றுக என்பது. தம்மையே ஆசாரியராக வேண்டி நின்றவரிடம், மற்றொருவர் திருநாமத்தை ஒளியாமல் உரைத்தார் நம்பிகள். ராமாநுஜர் தாமதியாமல் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். அவரை அழைத்துச் செல்லக் கச்சி நோக்கி வந்துகொண்டிருந்த பெரிய நம்பியை மதுராந்தகத்தில் எதிர்கொண்டு, ஏரிகாத்த ராமர் சந்நிதியில் மகிழ மரத்தடியில் பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்றார். நம்பிகள் கச்சியிலேயே இருந்து, பேரருளாளனுக்குத் திருவாலவட்டம் வீசி வந்தார்.