கேட்கும் செவியைத் தேடியவர் மார்க்கோனி



வீட்டோடு முடங்கிவிட்ட முதியோருக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, பல வீடுகளின் அலமாரியில் பழைய வானொலிப் பெட்டி ஒன்றைக் காண்கிறோம். பிலிப்பீன்ஸ் நாட்டிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகள் ஒருகாலத்தில் அதில் ஒலித்தன. 2018ம் ஆண்டு ஜூன் 30ம் நாளோடு வேரித்தாஸ் தன் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தி, இணையத்திற்கு மாறியது. பெட்டியில் பழுது இல்லை. ஆனால் அதற்குள் வந்து சேர வேண்டிய குரல் வேறு வழியில் போய்விட்டது.

இந்த நிலையில், வானொலியின் தந்தை என உலகம் அழைக்கும் குலியெல்மோ மார்க்கோனியின் வாழ்வை நாம் நினைத்துப் பார்ப்பது பொருத்தமானது. செய்தியை அனுப்புவது பாதி வேலைதான், மறுமுனையில் அதைப் பெற ஒருவர் இருக்கும்போதே அது முழுமை பெறுகிறது என்பதை அவரது வாழ்வு நமக்குக் காட்டுகிறது.

1874ம் ஆண்டு ஏப்ரல் 25ம் நாள் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் மார்க்கோனி பிறந்தார். தந்தை இத்தாலிய நிலக்கிழார். தாய் அயர்லாந்து நாட்டவர். மார்க்கோனி பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறவில்லை. வீட்டின் மேல்மாடியே அவரது ஆய்வுக்கூடமாக இருந்தது. மின்காந்த அலைகள் உண்டு என்பதை ஹெர்ட்ஸ் ஏற்கனவே மெய்ப்பித்திருந்தார். பாரிஸ் கத்தோலிக்கக் கல்வி நிறுவனப் பேராசிரியர் எட்வார்ட் பிரான்லி, உலோகத் துகள்கள் நிரப்பிய கண்ணாடிக் குழாயால் அந்த அலைகளை உணரமுடியும் எனக் கண்டறிந்திருந்தார். நம் நாட்டின் ஜகதீச சந்திர போசும் அதே காலத்தில் இத்துறையில் உழைத்தார். மார்க்கோனி தனியாக எல்லாவற்றையும் கண்டுபிடிக்கவில்லை. பலர் கண்டதை ஒன்றுசேர்த்து, அது மக்களுக்குப் பயன்படும்வரை விடாமல் உழைத்ததே அவரது பெருமை.

1895ம் ஆண்டில் அவர் பெறும் கருவியை வீட்டுக்கு அருகே இருந்த குன்றின் மறுபக்கத்திற்கு அனுப்பினார். அதனுடன் அவரது சகோதரர் அல்போன்சோ சென்றார். செய்தி வந்து சேர்ந்தால் துப்பாக்கியால் சுட்டுத் தெரிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மார்க்கோனி விசையை அழுத்தினார். குன்றுக்கு அப்பால் வெடிச்சத்தம் கேட்டது. அந்தப் பதில் வந்த பிறகுதான் தன் முயற்சி வென்றதை அவர் அறிந்தார்.

1896ம் ஆண்டில் இங்கிலாந்து சென்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1899ம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து செய்தி அனுப்பியபோது, பிரான்லிக்கு வாழ்த்தும் நன்றியும் தெரிவித்தார். 1901ம் ஆண்டு டிசம்பர் 12ம் நாள், கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில், பட்டத்தில் கட்டி உயர்த்திய கம்பியின் மறுமுனையில் காதுவைத்துக் காத்திருந்தார். ஏறத்தாழ 3,400 கிலோமீட்டருக்கு அப்பால், இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட மூன்று புள்ளிகளைக் கேட்டதாக அறிவித்தார். பலர் நம்பவில்லை. மறுஆண்டு கப்பலில் பயணம் செய்துகொண்டே செய்திகளைத் தாளில் பதிவு செய்து காட்டினார். 1909ம் ஆண்டில், பிரவுன் என்ற ஜெர்மானியரோடு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1912ம் ஆண்டு ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, பெறுபவரின் அருமையை உலகம் கண்ணீரோடு கற்றுக்கொண்டது. அருகிலிருந்த கலிபோர்னியன் கப்பலின் கம்பியில்லாத் தந்தி ஊழியர், பகல் முழுதும் உழைத்த களைப்பில் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றிருந்தார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கார்பேத்தியா கப்பலில், படுக்கப்போகும் நேரத்திலும் ஊழியர் கருவியைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கப்பல் விரைந்து வந்ததால் சுமார் 700 பேர் உயிர் பிழைத்தனர். 1,500 பேர் வரை மாண்டனர்.

மார்க்கோனியின் வாழ்வில் நிழலும் உண்டு. 1923ம் ஆண்டில் முசோலினியின் கட்சியில் சேர்ந்து, தன் புகழை அந்த ஆட்சிக்குக் கொடுத்தார். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

திருத்தந்தை 11ம் பயஸ் கேட்டுக்கொண்டதன்படி, வத்திக்கான் வானொலியை அவரே அமைத்தார். 1931ம் ஆண்டு பிப்ரவரி 12ம் நாள், மார்க்கோனி அறிமுகம் செய்ய, திருத்தந்தை இலத்தீன் மொழியில் உலகோடு பேசினார். 1937ம் ஆண்டு ஜூலை 20ம் நாள் மார்க்கோனி உரோமையில் இறந்தார். அவருக்கு மரியாதையாகப் பல நாடுகளின் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன. பின்னர் இரண்டாம் உலகப்போர் காலத்தில், காணாமற்போனோரையும் போர்க்கைதிகளையும் குறித்து 12 இலட்சத்துக்கும் அதிகமான செய்திகளை அந்த வானொலி ஒலிபரப்பியது. தன் மகனின் பெயர் வருமா என்று எத்தனை தாய்மார் பெட்டியருகே காத்திருந்திருப்பர்!

இன்று வானொலி டிஜிட்டல் முறைக்கு மாறிவருகிறது. குரல் எண்களாக மாற்றப்பட்டு அலைகளில் அனுப்பப்படுகிறது. ஐரோப்பாவில் டி.ஏ.பி. முறை பரவியுள்ளது, நார்வே நாடு 2017ம் ஆண்டில் தன் தேசிய நிலையங்களின் பண்பலை ஒலிபரப்பை நிறுத்தி அதற்கு மாறியது. சிற்றலை, மத்திய அலைகளுக்கு ஏற்ற டி.ஆர்.எம். முறை 2003ம் ஆண்டில் ஜெனீவாவில் தொடங்கப்பட்டது. அகில இந்திய வானொலி தன் மத்திய அலை ஒலிபரப்பிகள் 30க்கும் மேற்பட்டவற்றில் அதைப் பொருத்தியது.

இதில் இரைச்சல் இல்லை; ஒலி தெளிவாக இருக்கும். ஆனால் பழைய பெட்டியில் டி.ஆர்.எம். ஒலிபரப்பு வெறும் இரைச்சலாகவே கேட்கும். பழைய முறையில் அலை வலுவிழந்தாலும் கரகரப்போடாவது கேட்கலாம். டிஜிட்டலில் ஓர் அளவுக்குக் கீழே போனால் முழு மௌனம்தான். எனவே புதிதாகப் பெட்டி வாங்குவோர், நம் நாட்டில் டி.ஆர்.எம். வசதி உள்ளதா எனக் கேட்டு வாங்க வேண்டும். டி.ஏ.பி. மட்டும் உள்ள பெட்டி இந்த ஒலிபரப்பைப் பெறாது. பெட்டியைச் சன்னலருகே வைத்தால் நன்றாகக் கேட்கும். புதிய கார்கள் பலவற்றில் இவ்வசதி உண்டு. வத்திக்கான் வானொலியையும் வேரித்தாஸ் தமிழ் நிகழ்ச்சிகளையும் கைபேசியில் இணையம் வழியாகக் கேட்கலாம்.

கைபேசி இயக்கத் தெரியாத பாட்டிக்கும் தாத்தாவுக்கும் யார் உதவுவது? ஒலிபரப்பும் நிலையம் அதைச் செய்ய முடியாது. குன்றுக்கு அப்பால் பெறும் கருவியோடு சென்ற அல்போன்சோவைப் போல, நம் இளையோர் அவர்களின் வீட்டிற்குச் செல்லலாம். வாரம் ஒருமுறை அருகில் அமர்ந்து, நிகழ்ச்சியை எடுத்துக் கொடுத்து, அவர்களோடு சேர்ந்து கேட்கலாம். இந்த வாரமே, நம் தெருவில் மௌனமாகிவிட்ட ஒரு வானொலிப் பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடிப் பார்ப்போமா?