அடியார்க்கு நல்லார்: கொங்கு நாட்டு உரையாசிரியரின் வாழ்வும் உரைநெறியும்

சிலப்பதிகாரத்திற்கு விரிவுரை வகுத்த அடியார்க்கு நல்லாரின் பெற்றோர், கல்வி குறித்து நேரடிச் சான்று கிடைத்திலது. உரையைச் சார்ந்து வழங்கும் சிறப்புச் செய்யுட்களும் உரையுமே அவர் வாழ்வை அறியத் துணையாகின்றன. அவருக்கு நிரம்பையர் காவலர் என்னும் பெயரும் உண்டு. நிரம்பை, விசயமங்கலத்தை அடுத்திருந்த கொங்கு நாட்டு ஊர் என்பர். கலிங்கத்துப்பரணியை அவர் எடுத்தாள்வதால் அவர்தம் காலம் 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திற்கு முற்பட்டதாதல் இயலாது.

அவரைப் புரந்தவர் பொப்பண்ண காங்கெயர்கோன். இவ்வள்ளல் இட்ட சோறே முத்தமிழுக்கும் உரை சொல்வித்தது என்னும் கருத்தமைந்த செய்யுள் வழங்குகிறது. காங்கெயர் என்னும் பெயர் காங்கேயம் என்னும் ஊர்ப்பெயரை நினைவூட்டும். எனினும் ஒலியொப்புமை ஒன்றே கொண்டு அவரை அவ்வூர்த் தலைவர் எனத் துணிதல் பொருந்தாது.

அடியார்க்கு நல்லார்க்கு முன்னரே அரும்பதவுரை இருந்தது. அருஞ்சொற்பொருளோடு நில்லாது, அரங்கேற்றுகாதை, கடலாடுகாதைப் பகுதிகளில் இசை, ஆடல், அரங்கமைதி ஆகியவற்றை அவர் நூற்சான்றுடன் விளக்கினார். பழைய இசை, நாடக நூல்கள் பல இறந்தமையைக் கூறி, தமக்குத் துணையான இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் ஆகியவற்றைப் பெயர் சுட்டினார். இவையும் காப்பியத்தோடு முற்றப் பொருந்துவன அல்ல, ஒருபுடை ஒப்புமை பற்றியே கொள்ளப்பட்டன என்று தம் உரையின் எல்லையையும் வரையறுத்தார்.

1892இல் உ.வே. சாமிநாதையர் இவ்வுரையைப் பதிப்பித்தார். கானல்வரிக்கும் வஞ்சிக்காண்டத்திற்கும் இவருரை கிடைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் வே.ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர் பஞ்சமரபுச் சுவடியைக் கண்டெடுத்து வெளிக்கொணர்ந்தார். உரைவழியே அறியப்பட்டிருந்த நூலொன்று அதனால் தனிநூலாகக் கற்கும் வாய்ப்பைப் பெற்றது.

ஆகவே அடியார்க்கு நல்லாருரையைப் பயன்கொள்வோர் இருவகைச் செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும்: இளங்கோவடிகள் காலத்து வழக்கு ஒன்று, உரையாசிரியர் தம் காலத்தில் கிடைத்த நூல்களால் பொருத்திக் காட்டியது மற்றொன்று. உரைகூறும் அரங்க அளவையும் ஆடல் இலக்கணத்தையும் ஆராயாது காப்பியக் காலத்திற்கு ஏற்றிக் கூறுதல், அவரே வரைந்த எல்லையைக் கடப்பதாகும். தம் வாழ்வைப் பற்றி ஏதும் சொல்லாத அவர், தம் சான்றுகளைப் பற்றித் தெளிவாகச் சொல்லிச் சென்றார். அவ்வுரைநேர்மையே அவர் வரலாற்றுள் ஐயத்திற்கு இடமின்றி நிற்கும் பகுதி.