காந்திகிராமம் கண்ட அம்மையார்

தமக்கு நேர்ந்த துன்பத்தை எண்ணி எண்ணியே வாழ்நாளைக் கழிப்போர் உலகிற் பலர். தம் துன்பத்தின் வாயிலாகப் பிறர் துன்பத்தை உணர்ந்து, அதனைத் துடைக்க முற்படுவோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். செல்வக் குடியிற் பிறந்து, இளமையிலேயே கணவரை இழந்து, பின்னர்க் கற்று மருத்துவராகி, அக்கல்வியைச் சிற்றூர்ப் பெண்டிர்க்கே உரிமையாக்கிய அவ்வம்மையாரின் வரலாறு நாம் அனைவரும் அறியத்தக்கது.

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த திருக்குறுங்குடியைப் பூர்விகமாகக் கொண்டவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். தென்னாட்டில் பேருந்துத் தொழிலை வளர்த்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அவருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் அருமை மகளாக 1904ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் சௌந்தரம் பிறந்தார். அக்காலத்தில் சிறுமியர்க்கு மணம் முடித்துவைத்தல் பெரு வழக்காக இருந்தது. குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் 1929ஆம் ஆண்டிலேதான் இயற்றப்பட்டது. சௌந்தரத்திற்கோ 1918ஆம் ஆண்டிலேயே மணம் நிகழ்ந்துவிட்டது. நற்பேறாகக் கணவர் சௌந்தரராஜன் பரந்த உள்ளம் உடையவர். தாம் ஒரு மருத்துவராதலின், தம் மனைவியும் கற்றுத் தேர்தல் வேண்டும் என்று விரும்பினார்.

அவ்வின்ப வாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை. மதுரையிற் பிளேக் என்னும் கொடிய கொள்ளை நோய் பரவியது. நோயுற்றோர்க்கு அஞ்சாது மருத்துவம் செய்த சௌந்தரராஜனை அந்நோயே பற்றியது. 1925ஆம் ஆண்டில் அவர் உயிர் நீத்தார். தமக்குப் பின் மனைவி வீட்டின் மூலையில் ஒடுங்கிவிடலாகாது, கல்வியைத் தொடர்ந்து புதுவாழ்வு காணல் வேண்டும் என்பதே அவர் இறுதி விருப்பமாக இருந்தது.

அவ்விருப்பம் எத்துணை அரியது என்பதை இக்கால மாணவர்கள் எளிதில் உணரார். கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தது. எனினும், சட்டம் திறந்த கதவை வழக்கம் அடைத்தே வைத்திருந்தது. பூவும் பொட்டும் இன்றி, நல்ல நாட்களில் எவர் கண்ணிலும் படாது, அடுக்களையின் இருளிலே வாழ்ந்து முடிந்த இளம்பெண்கள் எண்ணற்றவர். இருபது வயதை அண்மையிற் கடந்த சௌந்தரத்தின் முன்னும் அவ்விருளே காத்திருந்தது. அவரோ மீண்டும் நூல்களைக் கையில் எடுத்தார். பெற்றோரும் மகளின் கல்விக்குத் துணை நின்றனர்.

பெண்கள் மருத்துவம் பயில்வதற்கென்றே தில்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி நடைபெற்று வந்தது. அங்குச் சென்று பயின்ற சௌந்தரம் 1936ஆம் ஆண்டில், தம் முப்பத்திரண்டாம் வயதில், மருத்துவப் பட்டம் பெற்றார். உடன் பயின்ற சுசீலா நய்யாரின் நட்பால் காந்தியடிகளைக் காணும் பேறும் அவருக்கு வாய்த்தது. காந்தியடிகளின் தொண்டராகிய ஜி. ராமச்சந்திரனை அவர் அறிந்ததும் அக்காலத்திலேதான். ராமச்சந்திரன் மலையாள நாட்டினர், வேறு சாதியினர். இருவரும் மணம் புரிய விரும்பியபோது சுற்றத்தார் எளிதில் இசைந்திலர். காந்தியடிகளும் உடனே வாழ்த்துரைக்கவில்லை. ஓராண்டுக் காலம் ஒருவரையொருவர் காணாமலும், கடிதம் எழுதாமலும் இருந்து, அதன் பின்னும் உள்ளம் மாறாதிருப்பின் மணம் செய்துகொள்ளலாம் என்று பணித்தார். அவ்வாறே காத்திருந்தனர் இருவரும். 1940ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் காந்தியடிகளின் ஆசியோடு அவர்களது திருமணம் நிறைவேறியது. கைம்மை, சாதி, மொழி என்னும் மூன்று வேலிகளை அம்மணம் ஒருங்கே கடந்தது.

1944ஆம் ஆண்டில் அன்னை கஸ்தூரிபாய் சிறையிலே உயிர் துறந்தார். அவர் நினைவாக நாடெங்கும் நிதி திரட்டப்பெற்று ஓர் அறநிலையம் நிறுவப்பட்டது. சிற்றூர்ப் பெண்டிர், குழந்தைகள் ஆகியோரின் நலமே அதன் நோக்கம். அந்நிலையத்தின் தமிழ்நாட்டுப் பணியைக் காந்தியடிகள் சௌந்தரம் அம்மையாரிடம் ஒப்படைத்தார். நகரில் இருந்து தொழில் நடத்தினால் பொருளும் புகழும் தாமே வந்து சேரும். அம்மையாரோ சிற்றூரை நாடிச் சென்றார். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில், சிறுமலைச் சாரலை அடுத்து, நெசவாளர் மிகுதியாக வாழும் சின்னாளபட்டி என்னும் ஊர் உள்ளது. அங்கே சிறியதொரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார்.

அந்நாளில் சிற்றூர்களில் மகப்பேறு என்பது தாய்க்கு மறுபிறப்பாகவே இருந்தது. காற்றும் ஒளியும் புகாத அறையிலே, தூய்மை அறியாத கருவிகளைக் கொண்டு பேறு பார்த்தனர். தாயும் சேயும் மடிதல் விதியென்று கருதப்பட்டது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணி, நோயை மறைத்து மறைத்தே மாண்ட பெண்களும் உண்டு. அவர்களுக்குப் பெண் மருத்துவர் ஒருவர் ஊருக்கே வந்து சேர்ந்தது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும்!

மருந்து மட்டும் போதாது என்பதை அம்மையார் விரைவிலேயே கண்டார். இன்று நோய் நீங்கிச் செல்பவள், வறுமையாலும் அறியாமையாலும் நாளை அதே நோயோடு திரும்பி வருவாள். ஆதலின் நோயின் வேரையே களைதல் வேண்டும் என்று துணிந்தார். இத்துணிவின் பயனாகப் பிறந்ததே காந்திகிராமம். சின்னாளபட்டி மக்கள் நிலம் வழங்கினர். நாடு விடுதலை பெற்ற சில வாரங்களில், 1947ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7ஆம் நாள், அந்நிறுவனம் தொடங்கப்பெற்றது. கஸ்தூரிபாய் பெயரால் மருத்துவமனை அமைந்தது. ஆதாரக் கல்விப் பள்ளியும், கதர் முதலிய கைத்தொழில்களும் அதனைச் சூழ வளர்ந்தன. கணவர் ராமச்சந்திரன் கல்விப் பணியைப் பேணி வளர்த்தார். 1956ஆம் ஆண்டில் கிராமியக் கல்வி நிலையம் ஒன்று ஏற்பட்டது. அது 1976ஆம் ஆண்டில் பல்கலைக்கழக நிலையை எய்தியது.

இப்பணிகள் எல்லாவற்றுள்ளும் தனிச்சிறப்புடையது ஒன்று உண்டு. கணவரை இழந்தோரையும் ஆதரவற்ற பெண்களையும் சோறிட்டுக் காப்பதோடு அம்மையார் அமைந்துவிடவில்லை. அவர்களுக்கு எழுத்தறிவும், செவிலியர் பயிற்சியும், ஊர்ப்பணிப் பயிற்சியும் தந்தார். உதவியை நாடி வந்தவளே பிறர்க்கு உதவும் சேவிகையாகி ஊர்களுக்குச் சென்றாள். தம் வாழ்வில் கல்வி செய்த உதவியை அம்மையார் மறவாமையே இதற்குக் காரணம்.

மக்கள் அவரை 1952, 1957ஆம் ஆண்டுகளில் சென்னைச் சட்டமன்றத்திற்கும், 1962ஆம் ஆண்டில் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்கும் தேர்ந்தெடுத்தனர். நேரு பெருமானின் ஆட்சியில் கல்வித் துணையமைச்சராகவும் விளங்கினார். அதே 1962ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. பதவிகள் வந்தன, சென்றன. காந்திகிராமமே அவர் உள்ளத்தில் என்றும் நிலைத்திருந்தது. 1984ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள் அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

கணவரைக் கொள்ளை நோய்க்குப் பறிகொடுத்த இளம்பெண், பிறர் வீட்டு விளக்குகள் அணையாதிருக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டார். சிறுமலை அடிவாரத்து மருத்துவமனையில் இன்றும் குழந்தைகள் நலமே பிறக்கின்றன. அம்மையாரின் பெயரை அறியாத தாய்மார் அங்கிருந்து முகமலர்ச்சியோடு வீடு திரும்புகின்றனர். அம்முகமலர்ச்சியே அவருக்கு அமைந்த அழியாத நினைவுச் சின்னமாகும். மாணவர்களே, நாம் பெறும் கல்வி நம்மோடு நின்றுவிடாது, அதனைப் பெறாதார் வாயிலையும் சென்றடைதல் வேண்டும். அம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.