கண் காணாததைக் காட்டிய வுட்

வெள்ளைத் தாளின்மீது துத்தநாக ஆக்சைடு என்னும் வெள்ளைச் சாயத்தால் எழுதினால் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆனால், புற ஊதாக் கதிர்களை மட்டுமே உட்புகவிடும் வடிகட்டியைப் பொருத்திப் புகைப்படம் எடுத்தால் அதே எழுத்து மையால் தீட்டியதுபோல் கறுத்து நிற்கும். அச்சாயம் புற ஊதாவை விழுங்கிவிடுவதே காரணம். இவ்விந்தையை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் அமெரிக்க இயற்பியல் அறிஞர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட்.

1868-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு நகரில் பிறந்த இவர், ஹார்வர்டில் பயின்று, 1901 முதல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். குறும்புக்காரர். நீண்ட நிறமாலைக் குழாயில் படிந்த ஒட்டடையைத் துடைக்க ஒரு பூனையை உள்ளே விட்டு மறுமுனையில் வெளியேறச் செய்தார் என்று சொல்வார்கள்! கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்துப் புற ஊதாவை வழிவிடும் கண்ணாடியை 1903-இல் உருவாக்கினார். பிற்காலத்தில் முதல் உலகப் போரில், எதிரி காணாத ஒளிச் சைகைகளுக்கு அது பயன்பட்டது.

அதே 1903-இல் பிரான்சின் நான்சி நகரப் பேராசிரியர் பிளாண்ட்லோ, 'என்-கதிர்கள்' என்னும் புதுக் கதிர்களைக் கண்டதாக அறிவித்திருந்தார். பலரும் அவற்றைக் கண்டதாக எழுதினர். அளவிட்டதோ இருட்டறையில், மங்கிய ஒளியின் சிறு மாற்றத்தை வெறுங்கண்ணால் கவனித்து! 1904-இல் அங்கே சென்ற வுட், இருளில் கருவியிலிருந்த அலுமினிய முப்பட்டகத்தை ஓசையின்றி எடுத்துவிட்டார். கதிர்களைப் பிரிக்கும் உறுப்பே இல்லாதபோதும் அளவீடுகள் முன்போலவே வந்தன. அச்செய்தி 'நேச்சர்' இதழில் வெளியானதும் என்-கதிர்கள் மறைந்தன. விருந்தோம்பியவரிடம் இப்படிச் செய்யலாமா என்று கேட்போர் உண்டு. பிளாண்ட்லோ ஏமாற்றுக்காரர் அல்லர், நம்பியதையே கண்டவர். சொல்லிவிட்டுச் செய்திருந்தால் அந்தச் சோதனைக்கே பொருளில்லை என்பதுதான் என் எண்ணம்.

1910-இல் வுட் வெளியிட்ட அகச்சிவப்புப் படங்களில் மரங்கள் பனி போர்த்தியதுபோல் வெண்மையாகவும், வானம் கரியதாகவும் இருந்தன. இலையின் பச்சையம் அகச்சிவப்பை உறிஞ்சுவதில்லை. இலைத் திசுக்கள் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடும். பின்னர் இரண்டாம் உலகப் போரில் இவ்வுண்மை பெரிதாயிற்று. பச்சை வண்ணம் பூசி மறைத்த தளவாடங்கள், வெண்மையான மரங்களிடையே கறுப்பாய்ப் படத்தில் காட்டிக்கொடுத்தன. எனவே இலைபோல் அகச்சிவப்பைத் திருப்பும் வண்ணங்களைத் தேடவேண்டியதாயிற்று.

1925-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் அவரது கண்ணாடியூடே வந்த புற ஊதாவை நோயாளியின் தலையில் பாய்ச்ச, பூஞ்சை பிடித்த முடி பச்சையாக ஒளிர்ந்தது. தோல் மருத்துவர்கள் இன்றும் அவ்விளக்கை 'வுட் விளக்கு' என்றே அழைக்கின்றனர். நம் ரூபாய்த் தாளின் எண்களும் அத்தகைய ஒளியில்தான் மின்னுகின்றன. 1955-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் வுட் மறைந்தார்.